நிற்காத சாம்பார்

அபிராமபுரத்தில் துப்பறிவாளர் வைரவனின் அலுவலகத்துக்குள் யாசிர் நுழைந்தபோது, அவருடைய வெள்ளைச் சட்டையில் ஒரு முருங்கைக்காய்த் துண்டு ஒட்டியிருந்தது.

"சார், பந்தியில சாம்பார் ஊத்துற மெஷின் நம்மளுது. பொத்தானை அழுத்தினா நிக்கணும். நிக்கலை! மாப்பிள்ளையோட மாமா மடியில ஊத்திக்கினே கீது. சாயங்காலம் அதே மண்டபத்துல ரிசப்ஷன். எல்லாம் இவன் சதி. இன்னியோட இவனை வேலைய விட்டு அனுப்பிடப் போறேன்."

உடன் வந்திருந்த, மெஷினுக்கான கணினி நிரலை எழுதிய கிரீஷ் கையெடுத்துக் கும்பிட்டார். "எங்காத்துல வச்சுண்டு எத்தனையோ தரம் பார்த்தேன் சார், நன்னா நின்னுது. அப்புறம் நிரல்ல ஒரு எழுத்துகூட மாத்தலை."

வைரவனின் கூட்டாளி ருக்சார் துள்ளி எழுந்தாள். "போட்டிக்காரன் பொத்தான் ஒயரை அறுத்துட்டான்!"

வைரவன் மூவரையும் பந்தி நடந்த மயிலாப்பூர் மண்டபத்துக்கு அழைத்துப் போனார். அங்கே, முதலில் பொத்தானை அழுத்திவிட்டுப் பிறகு இயந்திரத்தை ஓட்டச் சொன்னார். ஒரு சொட்டும் விழவில்லை. அடுத்து, ஓடத் தொடங்கிய பின் அழுத்தச் சொன்னார். சாம்பார் இலையைக் கடந்து ருக்சாரின் செருப்பை அடைந்தபோதுதான் மின்சாரத்தை நிறுத்த முடிந்தது.

"முதல்லயே அழுத்தினப்போ ஊத்தலையே, ஒயர் நல்லாத்தான் இருக்கு," என்றார் வைரவன். "கிரீஷ், எழுத்தை மாத்தலை. வேற எதை மாத்தினீங்க?"

"முதலாளி வேகம் பத்தலைன்னார். நிரலை மெஷினுக்குப் புரியற மாதிரி மாத்தித் தர்ற கம்பைலர்கிட்ட, வேகமா ஓடும்படி பண்ணுன்னேன்."

"அங்கேதான் விஷயம். பொத்தானைப் பார், ஊத்து, மறுபடி பார், ஊத்து. இது நீங்க எழுதின சுற்று. அந்தச் சுற்றுக்குள்ள பொத்தானோட நிலையை மாத்துற வரி ஒண்ணும் இல்லை. மாறாததை எதுக்குத் திரும்பத் திரும்பப் பார்க்கணும்னு, பார்க்கிற வேலையைக் கம்பைலர் சுற்றுக்கு முன்னாலேயே ஒரே தடவையா முடிச்சுடுச்சு. பரிமாறுறவர் சமையல்கட்டுலயே 'போதுமா'ன்னு கேட்டுட்டு, அப்புறம் இலைப் பக்கம் திரும்பாமலே ஊத்துற மாதிரி."

"அப்போ குற்றவாளி?" என்றாள் ருக்சார், செருப்பை உதறியபடி.

"வெளியேயிருந்து ஒரு விரல் வரும்னு கம்பைலருக்குச் சொல்லாதது கிரீஷ். வேகம் கேட்டது யாரு?"

யாசிர் சட்டையிலிருந்த முருங்கைக்காயை மெதுவாக எடுத்தார். "சரிப்பா கிரீஷ், நீ எங்கயும் போக வேணாம்."

பொத்தானை ஒவ்வொரு முறையும் பார்த்தே தீர வேண்டும் என்று கம்பைலருக்கு உணர்த்தும் ஒரே ஒரு சொல்லைக் கிரீஷ் நிரலில் சேர்த்தார். பிறகு பணிவோடு ஓர் இலையை விரித்தார்.

"சார், நீங்களே உட்காருங்கோ."

யாசிர் உட்கார்ந்தார், அழுத்தினார். சாம்பார் நின்றது. சாப்பிட்டு முடியும்வரை, பொத்தானிலிருந்து விரலை மட்டும் அவர் எடுக்கவேயில்லை.