இரண்டு மணி நிழல்

"மறுபடியும் சட்டையா!"

சலவைக்கடையின் மொட்டைமாடியில், ஈரப் போர்வைகளுக்கு நடுவே நின்று அவள் அண்ணாந்து பார்த்தாள். பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பு, இருபத்திரண்டு மாடி. அந்தக் கட்டடம் எழும்பியதிலிருந்து இரண்டு மணிக்கெல்லாம் அவளுடைய கொடிகள்மேல் நிழல் விழுந்துவிடுகிறது. மருத்துவமனைப் போர்வைகள் காய்வதே இல்லை. இந்த வாரமும் தாமதமானால் வேறு கடை பார்த்துக்கொள்வதாக அங்கே சொல்லிவிட்டார்கள். வெயிலைப் பறித்தது போதாதென்று, துணியை வேறு தலையில் போடுகிறார்கள்!

மூச்சிரைக்கப் படியேறி வந்தான் அந்தக் கட்டடத்து லிஃப்ட் மெக்கானிக். இந்த வாரத்தில் நாலாவது முறை.

"பதினாலாம் மாடிக்காரரோடதுங்க... காத்துல பறந்துடுச்சு."

"ஒரு கிளிப் வாங்கி மாட்ட வக்கில்லையா அவருக்கு? நீங்க என்ன, அவருக்கு எடுபிடியா?"

அவன் தன் கட்டடத்தின் உச்சியைக் கைகாட்டினான். பிறகு மெல்ல, "எங்க மொட்டைமாடில சாயங்காலம் வரைக்கும் வெயில் அடிக்கும். குடியிருப்போர் சங்கத்துல பேசி அனுமதி வாங்கிட்டேன். நீங்க அங்கயே காயப்போடலாம்."

"அந்தக் கட்டடத்துல காலை வைக்கமாட்டேன்னு தெருவே கேக்கச் சொன்னவ நான். கிளம்புங்க!"

அப்போது பார்த்துத் தூறல் விழுந்தது. ஐயோ... அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. கேட்காமலே அவன் போர்வையின் மறுமுனையைப் பிடித்தான். மடிக்க மடிக்க இருவரும் நெருங்கினார்கள்... விரல்கள் உரசின. அவன் இமையில் ஒரு மழைத்துளி. சே, இதையெல்லாம் எதற்குக் கவனிக்கிறேன்?

எரிச்சலோடு சட்டையை உதறினாள். முந்தைய மூன்றையும் பார்க்காமலே சுருட்டி எறிந்திருந்தாள். இதன் கைப்பட்டையில் கறுப்பாகக் கிரீஸ் கறை. அழுக்கை வைத்தே ஆளைச் சொல்லிவிடும் அவளிடமா...

"இது உங்க சட்டை."

அவன் தரையைப் பார்த்தான்.

"நாலுமா?"

"நாலும்... எங்கிட்ட இருக்கிறதே அஞ்சுதாங்க."

"நேரா வந்து பேசினா என்னவாம்?"

"நேரா வந்தா என்னைத் திட்டுவீங்க. இப்படி வந்தா சட்டையைத் திட்டுவீங்க." கொடியில் மிச்சமிருந்த போர்வையை எடுத்து அவளிடம் நீட்டினான். "உங்களைப் பிடிச்சிருக்கு... அவ்வளவுதான்."

அவள் கடைசிப் போர்வையை நிதானமாக மடித்தாள்.

"நாளைக்கு ஆறு மூட்டை இருக்கு. நீங்கதான் வந்து உங்க மாடிக்குத் தூக்கணும்."

"வர்றேன்!"

"தெருவே பாக்கும். கேட்டா என்ன சொல்றது?"

"வெயிலுக்காகப் போறேன்னு சொல்லுங்க."

"உங்களை மாதிரி எனக்குப் பொய் சொல்ல வராது" என்றாள் அவள், அவனைப் பார்க்காமல்.