இரண்டாவது டிஸ்க்

தணிகைவேல் எழுந்தான். பல் தேய்த்தான். மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பினான். பால் பாக்கெட்டை வெட்டிக் காய்ச்சினான். நேற்றைய சட்டையையே மாட்டிக்கொண்டான். கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, ஏகாம்பரகுப்பம் ஸ்டேஷனுக்கு நடந்தான். அவனுக்கு ரேணிகுண்டாவில் ஒரு பேட்டரி கம்பெனிக் கிடங்கில் வேலை. அன்று அங்கே இறங்கவில்லை. திருப்பதி வரை போனான்.

டயர்க் கடைக்கு மேலே நாகபூஷணத்தின் அலுவலகம். போலீசில் கணினிக் குற்றங்களைப் பார்த்துக்கொண்டிருந்து, வேலையை விட்டுவிட்டு வந்தவர். உதவிக்குப் பிரீத்தி. இன்ஜினியரிங் முடித்தவள், அவர் யோசிக்கும் முன்பே பேசிவிடுகிறவள்.

"சொல்லு தம்பி" என்றார் நாகபூஷணம்.

"என் சம்சாரம் சந்தியா. நகரியில சுரேஷ்பாபு பவர்லூம் ஷெட்ல, தறிக்கு நூல்தார் சுத்துற வேலை. காலையில தறி ஓடறதுக்கு முன்னாடி மெஷின்ல கை வச்சா. கரண்ட் அடிச்சி செத்துட்டா." தணிகைவேல் சுவரைப் பார்த்தே பேசினான். "போன்ல பேசிக்கினே ஈரக் கையால தொட்டாளாம். வேணாம் வேணாம்னு ஓனர் கத்தினாராம். மாலை எடுத்துக்கினு வந்து, என் ஊட்டு வாசல்ல நின்னு அத சொன்னாரு. இப்ப ஊரே சொல்லிக்கினு இருக்குது."

"நீ நம்பல."

"மெஷின்கிட்ட அவ போன் எடுத்துக்கினு போகமாட்டா. அது எனக்குத் தெரியும். நான் சொன்னா யார் கேக்கறாங்க?"

"கேமரா இல்லியா?"

"இருக்குது. பேச்சும் பதிவாகும். அன்னிக்கு கரண்ட் போனதுல டிஸ்க் கெட்டுப்போச்சாம்."

"கரண்ட் மொத்தமா போச்சா?"

"ஷெட்டே அணைஞ்சிடிச்சி. ஃபியூஸ் கட்டித்தான் வந்திச்சி."

"அப்புறம் கம்ப்யூட்டர் ஓடிச்சா?"

"போலீஸ் வந்தப்ப ஓடிக்கினுதான் இருந்திச்சி. கேமராத் திரையில என் முதுகு தெரிஞ்சிது. மறுநாள் கேட்டப்பதான் எல்லாம் போச்சுன்னாரு."

"அப்ப கரண்ட்ல போகல சார். பொய்" என்றாள் பிரீத்தி.

"பொய்னு தெரிஞ்சா பத்தாதும்மா. இன்னா பண்ணான்னு தெரியணும்."

மறுநாள் எஸ்.ஐ. வெங்கடலட்சுமியையும் அழைத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனார்கள். தறிகள் காது கிழிய ஓடிக்கொண்டிருந்தன. முன்பு வந்தபோதெல்லாம் தறிக்கு ஒரு டிசைன் கண்ட தணிகைவேல் நின்று பார்த்தான். எல்லாத் தறியிலும் வெறும் சேலை. பூவும் இல்லை, பார்டரும் இல்லை.

நாகபூஷணமும் அதைத்தான் பார்த்தார். "இன்னா ஓனர், பூ போட்ட சேலை ஒண்ணையும் காணோமே?"

"சீசன் இல்ல சார்" என்றார் சுரேஷ்பாபு.

"ஆவணி முகூர்த்தம் வருதே, இப்பவா?" என்றாள் பிரீத்தி. அவர் முன்னே நடந்து அலுவலக அறையைத் திறந்தார்.

அலுவலக அறைக் கதவைச் சாத்தியதும் சத்தம் அடங்கியது. சந்தியாவோடு வேலை பார்த்த, இன்னும் அங்கேயே தார் சுற்றுகிற மஞ்சு என்ற பெண்ணையும் எஸ்.ஐ. வரச் சொல்லியிருந்தார். அவள் சுவரோரம் நின்றாள்.

"கம்ப்யூட்டர் அப்பிடியே இருக்குது மேடம். நான் கைகூட வைக்கல" என்றார் சுரேஷ்பாபு. "எஸ்டிபி டிஸ்க் போச்சு. நான் இன்னா பண்றது?"

"எஸ்டிபியா? அந்தப் பேரு எப்பிடித் தெரியும்?" நாகபூஷணம் சாதாரணமாகக் கேட்டார்.

"மாட்டிக் குடுத்த ஆளு சொன்னான். எஸ்டிஏல சிஸ்டமும் சேலை டிசைனும். எஸ்டிபில கேமரா."

பிரீத்தி பெட்டியைத் திறந்து ஒரு டிஸ்க்கைக் கழற்றினாள். படிக்க மட்டுமே விடும் கேபிளில் மாட்டித் தன் லேப்டாப்பில் பார்த்தாள். "டிஸ்க் நல்லாத்தான் இருக்கு சார். ஆனா முன்பாதி முழுக்க பூஜ்யம். யாரோ அழிச்சிருக்காங்க. பின்பாதியில மிச்சம் இருக்கிறது…" அவள் நிமிர்ந்தாள். "மாங்கா பார்டர்."

சுரேஷ்பாபு லேப்டாப் திரையை எட்டிப் பார்த்தார்.

"நான் சொல்றேன்" என்றார் நாகபூஷணம். "எஸ்டிஏ, எஸ்டிபின்றது டிஸ்க்கோட சொந்தப் பேரு இல்ல. கம்ப்யூட்டர் ஒவ்வொரு தடவ எழும்போதும் எந்த டிஸ்க் முதல்ல பதில் சொல்லுதோ அது எஸ்டிஏ. அடுத்தது எஸ்டிபி. டாக்டர்கிட்ட டோக்கன் வாங்கற மாதிரி. நேத்து ரெண்டாவதா வந்தவன் இன்னிக்கு முதல்ல வரலாம். மாறாத அடையாளம் வேற இருக்கு. டிஸ்க்குக்குள்ளயே பதிஞ்ச நம்பர். மாட்டின ஆளு விவரமானவன், சிஸ்டத்துக்கு அந்த நம்பரத்தான் சொல்லியிருக்கான். அதனால டோக்கன் மாறினாலும் கேமரா சரியான டிஸ்க்லதான் பதியும். திரையில எந்த வித்தியாசமும் தெரியாது. உனக்கு மட்டும் பழைய பேரச் சொல்லிட்டுப் போயிட்டான்."

"அன்னிக்கு கரண்ட் போயி கம்ப்யூட்டர் மறுபடி எழுந்திச்சி. பேரு மாறிடிச்சி" என்றாள் பிரீத்தி.

"ஆமா. போலீஸ் போனதும் இவன் உக்காந்து எஸ்டிபிய அழிச்சான். பாதியில கம்ப்யூட்டரே செத்துப்போச்சு, திரை இருட்டாச்சு. வேலை முடிஞ்சிதுன்னு நெனச்சான். அழிச்சது சிஸ்டத்தயும் டிசைனயும். அதான் தறியில பூ இல்ல. உடைச்சுப் போட்டா சந்தேகம் வரும்னு ரெண்டையும் பெட்டியிலயே விட்டுவச்சான். கெட்டுப்போன டிஸ்க்குக்கு யாரும் பேரு சொல்லமாட்டாங்க ஓனர். அழிக்கணும்னா பேரைத் தட்டித்தான் ஆகணும்."

சுரேஷ்பாபு எழுந்தார். "கூர்ச்சோ" என்றார் எஸ்.ஐ. தெலுங்கில். அவர் உட்கார்ந்தார்.

"பொய்ய சொல்லிட்டு என் ஊட்ல காப்பி வாங்கிக் குடிச்ச" என்றான் தணிகைவேல். குரல் உயரவில்லை. "சக்கரை பத்தலன்னு கேட்டு வாங்கிக் குடிச்ச."

பிரீத்தி இரண்டாவது டிஸ்க்கை மாட்டினாள். அந்தக் காலை முழுதாக இருந்தது.

"நீ வெளிய இரு தம்பி" என்றார் நாகபூஷணம்.

"போடுங்க சார்."

தறிகள் ஓடாத ஷெட். சந்தியா மெஷினை விட்டுத் தள்ளி நிற்கிறாள். கையில் போன் இல்லை. "ஓனர், மெஷின் பாடியில ஷாக் அடிக்குது. நேத்தே சொன்னேன்" என்கிறாள். படத்துக்கு வெளியே இருந்து சுரேஷ்பாபுவின் குரல் வருகிறது: "ரப்பர் செருப்பு போட்டுக்கினு செய். முடியாதுன்னா ஊட்டுக்குப் போ, மஞ்சு போடுவா. ஆர்டர் நிக்குது."

மஞ்சு மெஷினில் இருக்கும் சுவிட்சை நோக்கிப் போகிறாள். சந்தியா அவள் தோளைப் பிடித்துப் பின்னால் இழுக்கிறாள்.

அறையில் நின்ற மஞ்சு முகத்தை மூடிக்கொண்டாள். தணிகைவேல் கண்ணை எடுக்கவில்லை. கரண்ட் போய்த் திரை இருட்டாகும் முன் சந்தியா திரும்பிச் சொன்னாள்:

"நீ தொடாத மஞ்சு. தள்ளி நில்லு, நான் போடறேன்."