மதகுக்குள் அழுகிறவன்

“நாளைக்குக் காலையில இந்த மதகை அடைக்கக் காங்கிரீட் லாரி வந்துடும். அதுக்குள்ள இந்த ஓட்டை வழியா ஒரு எலி அந்தப் பக்கம் போறதைக் காட்டுங்க. நான் வேலையை நிறுத்துறேன்.”

சாலைப் பொறியாளர் சிவநேசன் இப்படிச் சொல்லிவிட்டு, கொண்டை ஊசி வளைவில் தன் ஜீப்மீது சாய்ந்து நின்றுகொண்டார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் எலிக்காகச் சாலை வேலை நின்றது என்று மேலிடத்தில் சொன்னால் சிரிக்க மாட்டார்களா? அந்தப் பயம் அவருக்கு.

அவர் சொன்னது காட்டெலிகளை ஆராயும் நஸ்ரினிடம். கயிற்றை இடுப்பில் கட்டினாள், தலையில் விளக்கை மாட்டினாள், சாலையின் பள்ளத்தாக்குப் பக்கம் இறங்கிவிட்டாள். அங்கேதான் இருந்தது பழைய மதகு. முன்பு மலையிலிருந்து வரும் தண்ணீர் சாலைக்கு அடியில் அதன் வழியாக ஓடியது. மேல்பக்கம் மண் சரிந்து வாய் மூடிய பிறகு தண்ணீருக்கு வேறு கால்வாய் வெட்டிவிட்டார்கள். மதகை மறந்துவிட்டார்கள்.

மறந்தார்கள் என்றா சொன்னேன்? தப்பு. அதை மறக்க யாராலும் முடியவில்லை. காற்றுக் காலத்தில் அதற்குள்ளிருந்து ஒரு ஆள் அழுகிற சத்தம் வரும். சாலை போட்டபோது மண்ணுக்குள் போன கூலிக்காரன்தான் அழுகிறான் என்பது மலையேறும் ஓட்டுநர்களின் பேச்சு. அவனுக்காக ஒரு கைப் பொரியை வீசாமல் ஒருவரும் அந்த வளைவைத் தாண்டுவதில்லை. பகுத்தறிவு பேசுகிற ஆள்கூட இடது கையால் ரகசியமாக வீசிவிட்டுப் போவார், நானே பார்த்திருக்கிறேன்!

நஸ்ரினின் ஜீப்பை ஓட்டும் துரைப்பாண்டி மேலே நின்று கயிற்றைப் பிடித்திருந்தான். உள்ளே வர முடியாது என்று காலையிலேயே சொல்லிவிட்டான். காரணம் சொல்லவில்லை.

குனிந்து, பிறகு முட்டி போட்டு, பிறகு வயிற்றால் ஊர்ந்து போனாள் நஸ்ரின். கல்லெல்லாம் பாசி. மேலே ஒரு லாரி போனபோது மண் பொலபொலவென்று கழுத்தில் கொட்டியது. அசையாமல் கிடந்தாள். தன் மூச்சுக்குப் பின்னால் இன்னொரு மூச்சு கேட்பது போல இருந்தது. திரும்பிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. திரும்ப இடமில்லை.

அவளை இங்கே துரத்திக்கொண்டு வந்தது வேறொரு பயம். சாலைக்கு மேலே இருப்பது ஒரு துண்டுக் காடு, கீழே இருப்பது பெருங்காடு. முதுகில் முள் போல விறைத்த மயிருள்ள சின்னக் காட்டெலி இரண்டிலும் உண்டு. வெட்டவெளித் தாரில் கால் வைக்க அதற்குத் தைரியம் வராது. வந்தாலும் சக்கரம் இருக்கிறது, ஆந்தை இருக்கிறது. நஸ்ரின் பல வருடமாகக் கூண்டு வைத்து, காது ஓரத்தில் கடுகளவு தோல் எடுத்து, பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு எலிகளைப் பிடித்த இடத்திலேயே விட்டுவந்தாள். கீழ்க்காட்டில் விதவிதமான வம்சங்கள். மேல்காட்டில் ஒரே வம்சம்!

அந்தக் காட்டில் கூண்டைத் திறக்க அவளுக்கு நடுக்கமாக இருக்கும். எந்தக் கூண்டைத் திறந்தாலும் அதே முகம், நுனி மடங்கிய அதே வால். நேற்று விட்ட எலியே இன்றும் வந்து உட்கார்ந்திருப்பது போல இருக்கும். ஆனால் அது வேறு எலி. குட்டிகள் வருடத்துக்கு வருடம் குறைந்தன. உயிரோடு இருக்கும்போதே அந்தக் காடு ஆவிகளின் காடாகிவிட்டது.

இதை அவள் ஒருநாள் விளக்கியபோது துரைப்பாண்டி, “அப்ப எல்லாம் அத்தை மகன், மாமன் மகள்தானா மேடம்?” என்று கேட்டான். அதைவிட நெருக்கம் என்றாள். அவன் சிரிப்பு நின்றுவிட்டது.

போன கோடையில் மேல்காட்டில் ஒரே ஒரு குட்டி மட்டும் நேரான வாலோடு கிடைத்தது. அதன் தகப்பன் கீழ்க்காட்டு எலி என்று பரிசோதனை சொன்னது. எங்கோ ஒரு வழி இருக்கிறது! அந்த வழி இந்த மதகுதான் என்று நினைத்து, முந்தின நாள் கீழ்வாயில் மட்டும் ரோஜா நிறக் கோலப்பொடியைத் தூவி வைத்திருந்தாள்.

விளக்கைத் தாழ்த்தினாள். ரோஜா நிறத்தில் குட்டிக் குட்டிப் பாதங்கள்! மதகு நெடுக ஓடின. அவளும் அவற்றின் பின்னாலேயே ஊர்ந்தாள். கடைசியில் சரிந்த கற்களின் சுவர் வந்தது. பாதங்கள் சுவர் வரை போய், அங்கே முட்டி மோதி, ஒன்று விடாமல் திரும்பியிருந்தன.

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அப்போதுதான் இரண்டு கற்களுக்கு நடுவே, கை நுழையும் அளவு சந்தில், மஞ்சள் துணி தெரிந்தது. சுற்றிலும் களிமண் பூச்சு. அதன்மேல் குங்குமம்.

வெளியே வந்து துரைப்பாண்டியிடம் கேட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னான். கோடை முடிந்து வந்த ஆடி அமாவாசையன்று ஓட்டுநர்கள் சேர்ந்து பூசாரியை வரவழைத்து அழுகிறவனின் வாயைக் கட்டினார்கள். பூசாரி வாசலோடு நின்றுவிட்டார். உள்ளே போய் அடைத்தது துரைப்பாண்டி. அவனுடைய முதல் குழந்தை பிறந்த அன்றே போய்விட்டது, இப்போது மனைவிக்கு எட்டாம் மாதம். தினமும் அந்த அழுகையைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போக அவனால் முடியவில்லை.

“அன்னையிலேர்ந்து சத்தமே இல்ல மேடம். தயவுசெஞ்சு அதைத் தொட்டுறாதீங்க.”

ஒரு நொடியில் அவள் பிடுங்கியிருக்கலாம். ஆனால் அந்தத் துணிக்குப் பின்னால் ஒரு மனிதனின் தூக்கம் இருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது.

“நான் தொடலண்ணே. நீங்க சொல்லாம தொட மாட்டேன்,” என்றாள். “ஆனா அதுங்க தினமும் வாசல் வரைக்கும் வந்து பாத்துட்டுத் திரும்பிப் போகுதுண்ணே.”

துரைப்பாண்டி அவள் முழங்கையைப் பார்த்தான். ரோஜா நிறப் பொடி ஒட்டியிருந்தது. பிறகு கயிற்றை அவள் இடுப்பிலிருந்து அவிழ்த்துத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டான்.

“நான் வச்சது. நானே எடுக்கறேன்.”

கயிறு நெளிந்து நெளிந்து உள்ளே போயிற்று. சிவநேசனும் இறங்கி வந்து எட்டிப் பார்த்தார். களிமண் உடையும் சத்தம் கேட்டது. அடுத்த கணம் அது கிளம்பியது! தாழ்ந்து, ஏறி, நெஞ்சைப் பிசைகிற அழுகை. சாலையே அழுவது போல இருந்தது. சிவநேசன் நஸ்ரினின் தோளைப் பிடித்துக்கொண்டார். கயிறு அசையவில்லை. அவள் துரைப்பாண்டியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பதில் இல்லை.

சட்டென்று அழுகை நின்றது. மறுபடி எழுந்தது. மறுபடி நின்றது.

உள்ளிருந்து துரைப்பாண்டியின் குரல் வந்தது. அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை. “கையை வச்சா நிக்குது மேடம், எடுத்தா அழுவுது! காத்து… மேல்காட்டுக் காத்து. ஈர இலை வாசம் முகத்துல அடிக்குது.”

சிவநேசன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, லாரி காலையில் எத்தனை மணிக்கு வந்தாலும் தான் வந்து பார்த்த பிறகுதான் காங்கிரீட் என்று சொல்லிவிட்டுப் போனார். பொரி வீச மறக்கவில்லை.

காலையில் மூவரும் மேல்காட்டில் நஸ்ரின் முந்தின மாலை வைத்த கூண்டுகளில் முதலாவதைத் திறந்தார்கள். மடங்கிய வால். அடுத்ததிலும் மடங்கிய வால். கடைசிக் கூண்டில், மூலையில் ஒடுங்கி, நேரான வாலைச் சுருட்டிக்கொண்டு ஒரு எலி உட்கார்ந்திருந்தது. நான்கு பாதமும் ரோஜா நிறம்!

சிவநேசன் வெகுநேரம் அதைப் பார்த்தார். பிறகு லாரிக்காரனுக்குப் போன் போட்டுத் திரும்பிப் போகச் சொன்னார். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மதகு அப்படியே நின்றது. எலிகள் போக நல்ல குழாயும் ஒன்று பக்கத்தில் வந்தது.

துரைப்பாண்டிக்குப் பெண் பிறந்தாள். தொண்டை கிழிய அழுகிற பெண். அடுத்த கோடையில் மேல்காட்டுக் கூண்டுகளில் நேர்வால் குட்டிகள் கிடைக்க ஆரம்பித்தன. பயந்து அடைத்ததை ஒருவன் பயத்தோடேயே திறந்தான், அவ்வளவுதான் நடந்தது.

இன்றும் அந்த வளைவில் அவன் ஜீப்பை நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டுக் காது கொடுக்கிறான். பொரிக்காக நிறுத்துகிறீர்களா என்று நஸ்ரின் ஒருநாள் கேட்டாள்.

“அதில்ல மேடம். இப்பல்லாம் அழுகை கேக்கலைன்னாத்தான் எனக்குப் பயமா இருக்கு.”