நுரைக்கும் ஓட்டுக்கும் நடுவே

கரேத் வேனை விட்டு இறங்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. யார்க்‌ஷயர் மலைச்சரிவில் டிசம்பர் மழை வருவதற்குக் காரணம் தேவையில்லை, அதற்குப் போகத்தான் மனம் வராது. காலையிலிருந்து ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்த கிளெண்டா, அவன் மணியடிப்பதற்குள் கதவைத் திறந்துவிட்டாள்.

"டீ போடட்டுமா?"

"மொதல்ல நோயாளியப் பாத்துடறேன்ம்மா," என்று கூரையைக் காட்டிச் சிரித்தான்.

நோயாளிதான். அவள் கணவன் ராய் சாவதற்கு முந்தைய குளிர்காலத்தில், வாசலில் வந்து நின்ற ஒரு வாய்ச்சாலக்காரனின் பேச்சைக் கேட்டு, ஓடுகளின் அடிப்பக்கம் முழுக்க நுரையைப் பீச்சியடிக்க வைத்தான். பீச்சிய வேகத்தில் பொங்கி, அப்படியே இறுகிப்போகும் மஞ்சள் நுரை. இனி குளிர் எட்டிப் பார்க்காது என்றான் விற்றவன். குளிரும் எட்டிப் பார்க்கவில்லை, வீட்டை வாங்கவும் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. நுரைக்குப் பின்னால் கூரை மரம் உளுத்திருக்கிறதா என்று பார்க்க முடியாத வீட்டுக்கு வங்கி கடன் தராதாம். கடைசியில் ஒரு தம்பதி, நுரையை எடுத்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறோம், இந்த வெள்ளிக்கிழமைவரை பொறுக்கிறோம் என்றார்கள்.

கிளெண்டா வீட்டை விற்றாக வேண்டும். கடலோரம் விட்பியில் மகள் டானியா மாசமாக இருக்கிறாள். முன்பு தங்கியவை கலைந்துபோய், இப்போதுதான் ஒன்று நிலைத்திருக்கிறது. அது பிறக்கும்போது பக்கத்துத் தெருவில் இருக்க வேண்டும், அதை ஓடிப்போய்த் தூக்க வேண்டும். இதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை மிச்சமில்லை.

நுரையைச் சுரண்டி எடுக்க வந்த கரேத் ஏணியை விரித்துப் பரணில் ஏறினான். அவள் கீழே நின்றபடி பேசினாள்.

"ராய்க்குக் குளிர் ஒரு சாக்குதான். மேல ஏதோ உரசுதுன்னு தூங்கவே மாட்டாரு. யாரோ வழி தேடித் தடவுற மாதிரி இருக்குன்னுவாரு. நுரை அடிச்சதும்தான் நிம்மதியாப் படுத்தாரு."

"எலியா இருக்கும்."

"நானும் அதான் சொன்னேன்."

சுரண்டும் சத்தம் தொடங்கியது. நுரைக் கட்டிகள் பெயர்ந்து விழ விழ, அழுகிய மீனின் வாடை மாடிப்படி வழியே இறங்கிவந்தது. கிளெண்டாவால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கோப்பைகளைப் பெட்டியில் அடுக்கினாள். அடுக்கியதை எடுத்து மறுபடி அடுக்கினாள். என்ன அவசரமென்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

மதியம் சாய்வதற்குள் வெளியே இருட்டிவிட்டது. சுரண்டும் சத்தம் சட்டென்று நின்றது.

"ம்மா, கொஞ்சம் மேல வர்றீங்களா?"

குரலில் சிரிப்பு இல்லை.

பரணில் ஒற்றை பல்பு தொங்கியது. கரேத் ஒரு பெரிய நுரைக் கட்டியை மடியில் வைத்திருந்தான். ஓட்டின் வரிகள் அதில் அச்சாகப் பதிந்திருந்தன. நடுவே ஒரு உள்ளங்கை.

"அடிச்சவன் கையை வச்சிருப்பான்," என்றாள் கிளெண்டா.

"எங்கேருந்து வச்சிருப்பான்? இது ஓட்டுல ஒட்டியிருந்த பக்கம்மா. நடுவுல காகிதம்கூட நுழையாது." அவன் குரலைத் தாழ்த்தினான். "அந்தப் பக்கத்துலேருந்து வீட்டுக்குள்ள தள்ளியிருக்கு."

அந்தக் கையில் மோதிர விரல் பாதிதான் இருந்தது.

கிளெண்டா விளக்கின் அடியில் குனிந்தாள். பஞ்சாலை இயந்திரம் ராயிடமிருந்து எடுத்துக்கொண்டது சரியாக அந்தப் பாதியைத்தான். அவள் முப்பது வருடம் பிடித்துக்கொண்டு நடந்த கை.

"இது அடிச்ச அன்னைக்கு அவரு கீழ சமையல்கட்டுல இருந்தாரு," என்று முணுமுணுத்தாள். "உயிரோட. வேலைக்காரங்களுக்கு டீ கலக்கிட்டு இருந்தாரு. நான் பக்கத்துல நிக்கிறேன்."

கரேத் இன்னொரு கட்டியைத் திருப்பினான்.

இது வேறு கை. சிறியது. சுண்டுவிரல் வெளிப்பக்கமாகக் கோணியிருந்தது.

கிளெண்டா தன் கையைப் பார்க்கவில்லை. சின்ன வயதில் பள்ளிக்கூடக் கதவில் நசுங்கிக் கோணிய தன் சுண்டுவிரலை அவள் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. கையை மெல்ல அந்தப் பள்ளத்தில் வைத்தாள்.

பொருந்தியது.

நுரை வெதுவெதுப்பாக இருந்தது.

"சாகப்போறவங்க கையா இது? எனக்குத்தான் இன்னும் ஒண்ணும் ஆகலியே," என்றாள். அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

"மிச்சத்த விட்டுடலாம்மா. வீடு விக்காட்டி போய்த் தொலையுது."

"விட்டா நான் இங்கயேதான் கெடக்கணும். எடு. எல்லாத்தையும் எடு. நாளைக்கே கெளம்பிடறேன்."

புகைபோக்கி ஓரத்தில் கடைசித் துண்டு இருந்தது. கரேத் உளியைக் கொடுத்து நெம்பியதும் முழுசாகக் கையில் வந்துவிட்டது. அவன் பார்த்துவிட்டு அவளிடம் காட்டத் தயங்கினான். அவளே பிடுங்கித் திருப்பினாள்.

மறுபடியும் அவள் கைதான். இம்முறை விரல்கள் விரியவில்லை, எதையோ பொத்தியிருந்தன. சற்றுச் சாய்த்தபோது வெளிச்சம் உள்ளே விழுந்தது. கோணிய சுண்டுவிரலைச் சுற்றி இறுகப் பற்றியிருந்தது ஒரு பிறந்த குழந்தையின் கை. நகம்கூடப் பதிந்திருந்தது.

கிளெண்டா துண்டைக் கவிழ்த்து வைத்தாள். தன்னை எடுத்துக்கொள்ளட்டும், அது பரவாயில்லை. அந்தப் பிள்ளையின் நிழல்கூட இந்தக் கூரைக்குக் கீழே விழக் கூடாது. விட்பி எத்தனையோ மைல் தள்ளியிருக்கிறது. நல்லவேளை.

கீழே வாசல் பூட்டில் சாவி திரும்பியது.

"அம்மா! சொல்லாம வந்தா நீ எப்படி முழிப்பேன்னு பாக்கலாம்னு வந்தேன்! பெட்டி கட்ட ஆள் வேணாமா?"

"டானியா! உள்ள வராத! வெளியவே நில்லு!"

ஏணியில் இறங்கினாளா விழுந்தாளா தெரியாது. அவள் கூடத்துக்கு வருவதற்குள் டானியா கதவைச் சாத்திவிட்டு, நனைந்த கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பின்னாலேயே கரேத்தும் இறங்கிவந்து நின்றான்.

"என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" டானியா சிரித்தபடி வயிற்றைத் தடவினாள். "ரயில்ல வழி பூரா ஒரே உதை, உசுர எடுத்துட்டான். வாசப்படி தாண்டினதும் கப்சிப். பாட்டி வீடு புடிச்சுப்போச்சு போல."

கிளெண்டா அவள் வயிற்றில் கை வைத்தாள். அழுத்தினாள். எதுவும் அசையவில்லை.

"அசையுடா," என்று கெஞ்சினாள். "கண்ணு, அசையுடா."

தலைக்கு மேலே, ஆளில்லாத பரணில், மெத்தென்று ஒரு உதை விழுந்தது.

டானியா நிமிர்ந்து பார்த்தாள். "மேல யாரும்மா?"

இன்னொரு உதை விழுந்தது.