லின்சியின் பெயரில்

லின்சியை அடக்கம் செய்த பன்னிரண்டாம் நாள், பள்ளிக்கூடம் விட்டதும் பூவிழி ஒரு ரொட்டிப் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு குத்தாலத்தில் இருந்த அந்த வீட்டுக்குப் போனாள். பழைய ஓட்டு வீடு. அதன் பின்பாதியில் மட்டும் லின்சியின் மஸ்கட் சம்பளத்தில் கட்டிய மாடி அறை ஒன்று, வீட்டுக்குச் சம்பந்தமில்லாத பச்சை நிறத்தில் நின்றது. ஆடி வெயில் சாயத் தொடங்கியிருந்தது. எங்கோ டிராக்டர் சேற்றை உழும் சத்தம்.

லின்சியின் அப்பா அருள்சாமி கதவைத் திறந்தார். நெல் அரைக்கும் ஆலையில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். பன்னிரண்டு நாளில் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு வந்திருந்தது.

"வாம்மா பூவிழி. டீச்சர் படுத்தேதான் கெடக்குறா. பச்சத் தண்ணி எறங்கல."

உள்ளறையில் லின்சியின் அம்மா எல்சி டீச்சர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். ஐந்தாம் வகுப்பில் லின்சிக்கும் பூவிழிக்கும் பாடம் எடுத்தவர். பூவிழி காலடியில் உட்கார்ந்தாள். அவர் திரும்பவில்லை.

"உன்னால ஒரு காரியம் ஆவணும்மா," என்றார் அருள்சாமி. "பாப்பா கம்ப்யூட்டர்ல யார் யார்கூடவோ பேசிக்கிட்டே இருக்கும். வெளிநாட்டுல எல்லாம் இருக்காங்களாம். அவங்களுக்கு இன்னும் தெரியாது பாரு. நீதான் சொல்லணும். எனக்கு அந்தப் பெட்டியத் தொடக்கூடத் தெரியாது."

பூவிழிக்குத் தெரியும். அவர் சொன்னது 'பொழுது' குழுவை. டப்ளினில் இருக்கும் கிளமென்ட் என்பவர் இணையத்தில் தொடங்கிய அந்தக் குழுவில் இருநூறு பேர் இருந்தார்கள். சிங்கப்பூர், நியூஜெர்சி, துபாய், சென்னை. பாதிப்பேர் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததில்லை. ஒவ்வொரு நாளும் சிரிக்கிற முகமோ அழுகிற முகமோ ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதற்குக் கீழே அன்றைய மனசைப் பற்றி நாலு வரி எழுதுவார்கள். என்ன சமைத்தோம், யாரோடு சண்டை, வீட்டு நினைப்பு வந்ததா. அவ்வளவுதான். ஆனால் அந்த நாலு வரிக்காக நாளெல்லாம் காத்திருப்பார்கள்.

பூவிழியை அதில் சேர்த்துவிட்டதே லின்சிதான். ஒருநாள் பூவிழி பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, "இன்று எங்கள் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. என் அப்பா ஓடிப்போய் ஒரு கை அள்ளிக் குடித்தார்," என்று எழுதினாள். இரண்டு பேர் பதில் போட்டார்கள். அதே நாளில் லின்சி மஸ்கட்டிலிருந்து, "பருப்பு தீய்ந்துவிட்டது," என்று எழுதினாள். நாற்பத்தொரு பதில்.

பன்னிரண்டாம் வகுப்பில் லின்சியைவிடப் பதினோரு மதிப்பெண் கூடுதலாக வாங்கியவள் பூவிழி. லின்சி நர்சிங் படித்து விமானம் ஏறினாள். பூவிழியின் அப்பா இராஜாங்கம் அப்போதுதான் அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்குவதை விட்டுத் தனக்கென்று ஒரு ஏக்கர் பிடித்திருந்தார். பூவிழி கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்து இங்கேயே டீச்சரானாள். லின்சி லீவில் வரும்போதெல்லாம் சோப்பு, சென்ட் என்று அள்ளிக் கொடுப்பாள். அந்தச் சோப்பைத் தேய்த்துக் குளிக்கும்போது பூவிழிக்கு உடம்பு காந்தும்.

இந்த முறை லீவில் வந்தவளுக்குக் காய்ச்சல் கண்டது. மூளைக்காய்ச்சல் என்றார்கள். நாலே நாள்.

மாடி அறையை அருள்சாமி சாவி போட்டுத் திறந்துவிட்டார். ஜன்னல்கள் சாத்திக் கிடந்தன. நீலகிரித் தைல வாசனை அறையில் தேங்கி நின்றது. கம்ப்யூட்டரின் மேல் ஒரு வெள்ளைத் துண்டு போர்த்தியிருந்தது. பூவிழி அதை எடுத்து மடித்து வைத்தாள். மோடம் கிரீச்சிட்டு அடங்கியது. லின்சி கடவுச்சொல்லைப் பதிந்தே வைத்திருந்ததால் 'பொழுது' அவள் பெயரிலேயே திறந்துகொண்டது.

லின்சி எங்கே? லின்சி, ஏன் மௌனம்? லின்சி இல்லாமல் சாயங்காலமே இல்லை.

அறுபத்துமூன்று கேள்விகள். பூவிழி எல்லாவற்றையும் படித்தாள். பிறகு தன் பெயரைத் தேடினாள். அவளும்தான் பன்னிரண்டு நாளாக எழுதவில்லை.

பூவிழி எங்கே என்று ஒருவர்கூடக் கேட்டிருக்கவில்லை.

'நண்பர்களே, லின்சி இறந்துவிட்டாள்' என்று தட்டினாள். விரல் நின்றது. இதை அனுப்பினால் இருநூறு பேரும் அழுவார்கள். அவளுக்காகத்தான் அழுவார்கள். சொன்னவளை யார் கவனிப்பார்கள்? ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். லின்சியின் பெயரிலேயே எழுதினாள்.

'கொஞ்சம் காய்ச்சல். இப்போது தேவலாம். உங்கள் எல்லாரையும் நினைத்துக்கொண்டே இருந்தேன்.'

பத்து நிமிடத்தில் இருபத்தாறு பதில். கண்ணே என்றார்கள். தங்கமே என்றார்கள். பூவிழியின் காது மடல்கள் சூடேறின.

"சொல்லிட்டியாம்மா?" கீழிருந்து அருள்சாமியின் குரல்.

"சொல்லிட்டேன்ப்பா."

"என்ன சொல்றாங்க?"

"அழுவுறாங்கப்பா."

அதற்குப் பிறகு தினமும் வந்தாள். 'லின்சிக்கு வர்ற கடிதத்துக்கெல்லாம் பதில் போடணும்' என்று சொன்னாள். அருள்சாமி சாவியைக் கொடுத்தார். நாலு மணிக்கு வந்து ஆறு மணிக்கு இறங்குவாள். லின்சியின் பெயரில் தன் நாட்களை எழுதினாள். நாற்று பறிக்கும் பெண்களின் கேலி, மழை முட்டிக்கொண்டு நிற்கும் மேற்கு வானம், பள்ளிப் பிள்ளைகள் சொன்ன பொய்கள். ஒருநாள் வேண்டுமென்றே அந்தப் பழைய வாய்க்கால் வரியை, அப்பா ஓடிப்போய்த் தண்ணீர் அள்ளிக் குடித்ததை, எழுத்து மாறாமல் போட்டாள்.

ஐம்பத்துமூன்று பதில்கள். 'இதைப் படித்து அழுதுவிட்டேன் லின்சி,' என்றார் கிளமென்ட்.

பூவிழி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வரி அவளுடையது. அப்பா அவளுடையவர். கொண்டாட்டம் மட்டும் செத்துப்போனவளுக்கு. செத்தும் விடமாட்டேன் என்கிறாளே என்று வயிறு எரிந்தது.

மறுநாள் அவள் எழுதாத ஒரு வரி அங்கே இருந்தது.

'யாரோ என் நாற்காலியில் உட்காருகிறார்கள்.'

நேரம், மதியம் பன்னிரண்டு நாற்பது.

பூவிழி கீழே இறங்கினாள். "அப்பா, மத்தியானம் யாராச்சும் மேல வந்தாங்களா?"

"யாரு வரப்போறா? சாவி என் இடுப்புலதான இருக்கு. போதாக்கொறைக்குப் பன்னெண்டுலேருந்து ரெண்டு வரைக்கும் கரண்டே இல்லியே."

அது அவளுக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் அவள் வகுப்புக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் அந்த நேரத்தில் அணைந்துதான் கிடந்தன.

கடவுச்சொல்லை மாற்றினாள். யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் இன்னொரு வரி.

'அவளுக்கு நீலம் பொருந்தவில்லை. என்னிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.'

பூவிழி குனிந்து தன் சுடிதாரைப் பார்த்தாள். காலையில் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்ட புதுத்துணி. நீலம்.

அந்தக் கேலி, அந்தத் தொனி, அவள் பத்து வயதிலிருந்து கேட்டுப் பழகியது.

அதோடு அவள் நிறுத்தியிருக்கலாம். ஆனால் நாலு மணி ஆனால் கால் தானாகவே அந்தத் தெருவுக்குள் திரும்பியது. ஒரு நாள் எழுதாவிட்டால், லின்சிக்கு வருகிற அன்பு தனக்கு வராமல் போய்விடுமே என்று மனம் அடித்துக்கொண்டது.

புதன்கிழமை. வெளியே நல்ல வெயில். தெருவில் ஐஸ்காரன் மணியடித்துக்கொண்டு போனான். பூவிழி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

இருக்கை சூடாக இருந்தது.

நெடுநேரம் ஒருவர் உட்கார்ந்துவிட்டு அப்போதுதான் எழுந்துபோன சூடு.

அவள் கையை மடியில்தான் வைத்திருந்தாள். திரையில் ஓர் எழுத்து விழுந்தது. பிறகு இன்னொன்று.

எ. ழு. ந்.

விசைப்பலகையில் பொத்தான்கள் தாமாகவே அமுங்கி மேலெழுந்தன.

எழுந்திரு.

பட்டென்று கரண்ட் போனது. மின்விசிறி தளர்ந்து நின்றது. திரை கறுத்தது. மோடத்தின் சிவப்பு விளக்கும் அணைந்தது. நீலகிரித் தைல வாசனை குப்பென்று ஏறியது, யாரோ மிக அருகில் வந்து குனிந்தது போல.

செத்த பெட்டியின் முன்னால் பொத்தான்கள் மட்டும் தட்டிக்கொண்டே இருந்தன.

டக். டக். டக்.

"லின்சி," என்றாள் பூவிழி. "லின்சி, மன்னிச்சுக்கடி."

தட்டல் வேகமெடுத்தது. சிரிப்பு போல.

படிகளில் எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. செருப்பு ஒன்று படியிலேயே கிடந்தது.

இரண்டு நாள் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டுப் படுத்துக் கிடந்தாள். சனிக்கிழமை காலை மாயவரம் போய், பஸ் ஸ்டாண்டை ஒட்டிய பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தாள். சுற்றிலும் ஆட்கள், பையன்களின் இரைச்சல், வறுகடலை வாசனை. அந்தச் சந்தடி அவளுக்குத் தைரியம் கொடுத்தது. தன் சொந்தப் பெயரில் உள்ளே போய் எல்லாவற்றையும் எழுதினாள். லின்சி ஜூலை மாதமே இறந்துவிட்டாள். அவளாக எழுதியது நான். உங்கள் அன்புக்கு ஆசைப்பட்டேன். என்னைத் திட்டுங்கள்.

அனுப்பிவிட்டு வெளியே போய் ஒரு டீ குடித்து, இரண்டு மணி நேரம் கடைத்தெருவில் சுற்றினாள். பல நாளைக்குப் பிறகு நெஞ்சு லேசாக இருந்தது. திரும்பி வந்து பார்த்தாள்.

அவள் எழுதியது அங்கே இல்லை. அவள் பெயரில் உள்ளே நுழையவும் முடியவில்லை. படிக்க மட்டும் முடிந்தது. மேலே, லின்சியின் பெயரில், அழுகிற முகத்தோடு ஒரு குறிப்பு.

'நண்பர்களே, எனக்குத் தாங்கவில்லை. நம் பூவிழி வியாழக்கிழமை இறந்துவிட்டாள். மூளைக்காய்ச்சல். நாலே நாள். இன்று காலை யாரோ அவள் பெயரில் நுழைந்து கண்டபடி எழுதியிருக்கிறார்கள். இறந்தவள் பெயரில் எழுதுகிறவர்களும் மனிதர்கள்தானா?'

கீழே கிளமென்ட். 'அந்தக் கணக்கை மூடிவிட்டேன் லின்சி. அழாதே.'

அதற்குக் கீழே இருநூற்றுப் பதினான்கு பேர். குழுவை விட்டுப் போயிருந்தவர்கள்கூடத் திரும்பி வந்திருந்தார்கள்.

'வாய்க்காலில் தண்ணீர் வந்ததை முதலில் எழுதியது இந்தப் பெண்தானே?'

'எவ்வளவு அழகாக எழுதினாள். அப்போது ஒரு வார்த்தை சொல்லவில்லையே நான்.'

'பூவிழி, நீ இல்லாமல் சாயங்காலமே இல்லை.'

பூவிழி ஒன்றுவிடாமல் படித்தாள். கத்தியிருக்க வேண்டும். அவள் கத்தவில்லை. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்காமல் மேலிருந்து இன்னொரு முறை படித்தாள். பக்கத்து நாற்காலியில் இருந்த பையன் அவளை ஒரு மாதிரி பார்த்தான். அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது என்பது அவளுக்கு அப்புறம்தான் உறைத்தது. அந்த நொடியில்தான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

நேராகக் குத்தாலத்துக்குப் பஸ் ஏறினாள். அருள்சாமியிடமாவது சொல்லிவிட வேண்டும். பிற்பகல் மூன்றுக்கு அந்த வீட்டின் முன் நின்றாள். கதவைப் பாதி திறந்தவர், வழியை மறித்துக்கொண்டு நின்றார்.

"அப்பா, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். லின்சி போயிட்டான்னு நான் யார்கிட்டயும் சொல்லல. நானே அவளா..."

"தெரியும்மா," என்றார் அருள்சாமி. மெதுவாகத்தான் சொன்னார். கோபம் இல்லை. "நீ கெளம்பிப்போன பொறவு மேல தட்டுற சத்தம் கேக்கும். மொதல்ல பயந்துதான் போனேன். அப்பறம் டீச்சர் எழுந்து உக்காந்தா. பாப்பா வேல பாக்குதுன்னா. அன்னிக்கு ராத்திரி ரெண்டு இட்லி சாப்ட்டா."

"அப்பா, அது..."

"எதுவா இருந்தா என்னம்மா? இத்தன நாளும் நீ வந்ததுக்கு உனக்குக் கோடிப் புண்ணியம். இனிமே வராத. ஆளு வந்து ஒக்காந்தா அதுக்குப் பிடிக்கல."

உள்ளே மாடிப்படியில் கொலுசு இல்லாத கனத்த காலடி. எல்சி டீச்சர் இறங்கி வந்தார். தலை வாரி, துவைத்த புடவை கட்டி, முகம் கழுவியிருந்தார். கையில் இரண்டு டம்ளர்கள். இரண்டும் காலி.

"ஒரு சொட்டு விடாம ரெண்டு பேரும் குடிச்சிட்டாங்க," என்றார் கணவரிடம், உற்சாகமாக. "பூவிழி இன்னும் கொஞ்சம் சக்கர போடச் சொல்லுது. கூச்சப்படாம கேக்குது இப்பல்லாம்." பிறகு கதவுப் பக்கம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "யாருங்க வாசல்ல?"

அருள்சாமி பூவிழியின் முகத்தை ஒரு கணம் பார்த்தார். கண்கள் கெஞ்சின.

"யாருமில்ல," என்றார். கதவு சாத்திக்கொண்டது. தாழ் விழுந்தது.

பூவிழி தெருவில் நின்றாள். காய்கறி வண்டிக்காரர், "கொஞ்சம் ஓரமா நில்லும்மா," என்று அதட்டிக்கொண்டு கடந்து போனார். சாத்தியே கிடந்த மாடி ஜன்னல் இன்று திறந்திருந்தது. உள்ளே தட்டும் சத்தம். ஒரு ஜோடிக் கை அல்ல, இரண்டு ஜோடி.

பிறகு சிரிப்பு. முதலில் சிரித்தது லின்சி. அதற்குப் பதிலாக எழுந்த இரண்டாவது சிரிப்பு, அடக்கமில்லாமல், நிறைந்த மனசோடு, தெருவரைக்கும் வழிந்தது. அது பூவிழியின் குரல். அப்படி அவள் ஒரு நாளும் சிரித்ததில்லை.