காலியாகாத கெபாசிட்டர்

மதியச் சாப்பாட்டுக்குப் போகுமுன் காலி செய்துவிட்டுப் போன கெபாசிட்டர், திரும்பி வந்து பார்த்தபோது நாற்பது வோல்ட் காட்டியது.

ஹே-ரான் மீட்டரின் இரண்டு முனைகளையும் துணியில் துடைத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தாள். முள் அதே இடத்துக்குப் போய் நின்றது. ஆம்ப்ளிஃபையரைச் சுவர் ப்ளக்கோடு இணைக்கும் ஒயர் கழற்றப்பட்டு, சுருட்டியபடி மேசை ஓரத்தில் கிடந்தது. வெளியே காலையிலிருந்து விடாத மழை. செவூன் மின்சாமான் கடை வளாகத்தின் மூன்றாம் மாடி வராண்டாவில் தண்ணீர் சொட்டும் சத்தமும், எங்கோ ஒரு கடையில் டிரில் சுற்றும் சத்தமும், ஈரச் சுவரின் பூஞ்சை வாசமும் அவளுடைய சின்னப் பட்டறை அறைக்குள் வந்து அடைந்திருந்தன.

எதிர் மேசையில் கி-சொப் முதுகைக் காட்டி உட்கார்ந்து சோயாப் பாலில் மிதக்கும் குளிர் நூடுல்ஸை உறிஞ்சிக்கொண்டிருந்தான். அவளுடைய கணவன் தோக்-மன்னின் தம்பி. அறைக்கு இரண்டு சாவிகள். ஒன்று அவளிடம், ஒன்று அவனிடம்.

"இதை நீ ப்ளக்ல போட்டியா?"

"எதை அண்ணி?"

"எதைன்னு கேக்குற. இங்க ஒரே ஒரு ஆம்ப்தானே திறந்து கிடக்கு."

"அதை நான் எதுக்குத் தொடறேன்?" அவன் திரும்பவில்லை. "காலி பண்ணாலும் கொஞ்சம் ஊறத்தான் செய்யும். குடத்தைக் கவுத்துட்டு நிமித்தினா அடியில தண்ணி தேங்குதில்ல, அந்த மாதிரி."

"நாலு வோல்ட் ஊறும். நாப்பது ஊறுமா?"

"பழைய சரக்கா இருக்கும், விடுங்க."

பழைய சரக்கு இல்லை. போன வாரம் கீழ்க்கடையிலிருந்து அவன்தான் வாங்கி வந்தான், ஐந்தும் புதுசு, உறை பிரிக்காமல். அது அவனுக்கு மறந்திருக்காது. ஹே-ரான் கரண்டை வடிக்கும் ரெசிஸ்டர் வைத்த கிளிப்பை எடுத்து மாட்டி, முள் பூஜ்யத்தைத் தொடும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண்ணாடி வால்வு வைத்து ஆம்ப்ளிஃபையர் செய்கிறவர்களுக்குக் கெபாசிட்டர் மீது ஒரு கண் எப்போதும் இருக்கும். சுவரிலிருந்து வரும் கரண்டின் நடுக்கத்தை விழுங்கி, கிட்டாருக்குச் சலனமில்லாத மின்சாரத்தைக் கொடுப்பது அதுதான். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் நானூறு வோல்ட்டை வயிற்றில் வைத்துக்கொண்டு ஊமையாக உட்கார்ந்திருப்பதும் அதுதான். அதைத் தானாக வடியவைக்க ஒரு ரெசிஸ்டரை நிரந்தரமாகவே சேர்த்துப் பற்றவைப்பார்கள். தோக்-மன்னும் சேர்த்திருந்தான். ஆனால் போன குளிர்காலத்தில், இதே மேசையில், இதே ஆம்ப்ளிஃபையருக்குள் ஒரு கையை விட்டபடி அவன் விறைத்துக் கிடந்தபோது, அந்த ரெசிஸ்டரின் ஒரு கால் வெட்டப்பட்டிருந்தது. மாற்றுவதற்காக அவனே வெட்டியிருப்பான், மறந்து கையை விட்டிருப்பான் என்று போலீஸ்காரர் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். அவளும்தான்.

அன்று அறைக்குள் முதலில் நுழைந்தவன் கி-சொப்.

அந்த நினைப்பு இத்தனை மாதம் அவளுக்கு வந்ததில்லை. நாற்பது வோல்ட்டைப் பார்த்த அன்றைக்குத்தான் வந்தது. வந்தது போகவில்லை.

'கடையைக் குடுத்துட்டு நம்ம ஊர் இன்சோனுக்கே போயிடலாம் அண்ணி, இந்த அறை வேண்டாம்' என்று வசந்த காலம் முழுக்க அவன் நச்சரித்திருந்தான். தோக்-மன் பாதியில் விட்டதை முடித்து, ஒரு தடவையாவது அதில் கிட்டார் ஒலிக்கக் கேட்காமல் நகரமாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள். முடிக்கிறாள், ஆனால் தன் வழியில். அவளும் தோக்-மன்னும் கல்யாணமான நாளிலிருந்து சண்டை போட்ட விஷயம் அது ஒன்றுதான். கெபாசிட்டர்களை எல்லாம் ஒரே மூலையில், ஏசி கரண்டை டிசியாக மாற்றும் ரெக்டிஃபையர் பக்கத்தில், ஒட்டி ஒட்டி அடுக்குவான் தோக்-மன். 'கூட்டமா இருந்தா காவல் காக்கும்' என்பான். ஒவ்வொன்றும் எந்த வால்வுக்கு உழைக்கிறதோ அதன் காலடியில் இருக்கவேண்டும், அதன் எர்த்தும் அங்கேயே சேரவேண்டும், இல்லாவிட்டால் ஒன்றின் அழுக்கு மற்றதன் வழியாக ஓடி ஸ்பீக்கரில் முனகும் என்பாள் இவள். இப்போது சண்டை போட ஆள் இல்லை. அவன் மூலையில் அடுக்கியதை எல்லாம் கழற்றி எறிந்துவிட்டு, புது ஐந்தையும் தள்ளித் தள்ளி அதனதன் இடத்தில் வைத்திருந்தாள்.

அன்று மாலை கிளம்பும்போது ஒயரைச் சுருட்டிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். கி-சொப் அதைப் பார்த்தான்.

"ஒயரை எதுக்கு அண்ணி வீட்டுக்கு?"

"சும்மாதான்."

அவன் ஏதோ சொல்ல வந்து, மழையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

மறுநாள் காலை வந்து விளக்கைப் போட்டாள். கடைசிக் கெபாசிட்டர், கிட்டார் செருகும் துளைக்குப் பக்கத்தில் அவள் வைத்தது, அங்கே இல்லை. எதிர் மூலையில், ரெக்டிஃபையருக்குப் பக்கத்தில், முதலாவதோடு தோள் உரச நின்றது. பற்றவைப்பு சுத்தமாக இருந்தது. வால்வு வால்வாக இழுத்திருந்த ஒயர்கூட அளவாக வெட்டி மடிக்கப்பட்டிருந்தது. தெரிந்த கை. இந்த அறையில் வேலை கற்றவன் கை.

மீட்டரை வைத்தாள். நூற்றுப் பத்து.

கி-சொப் வந்ததும் அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்பான். அவன் குடையை மடக்கும் விதத்தை, மேசைக்குப் போகும் விதத்தை, போகிற வழியில் ஆம்ப்ளிஃபையரை ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்த விதத்தைப் பார்த்தாள். பாக்கெட் காபி கலக்கி ஒரு கப்பை அவள் பக்கம் நகர்த்தி வைத்தான். அவள் குடிக்கவில்லை.

"தூங்கலையா அண்ணி? கண்ணு உள்ள போயிருக்கு."

"நீ தூங்கினியா?"

அவன் கை கப்பின் மேல் நின்றுவிட்டது. "இல்லை," என்றான்.

அந்த வாரம் முழுக்க இப்படி. அவள் பிரித்து வைப்பாள். அவள் தலை மறைந்தால் ஒன்று இடம் மாறியிருக்கும். பிறகு இரண்டு. பூட்டை மாற்றினாலென்ன என்று தோன்றியது. மாற்றினால் அவன் உஷாராகிவிடுவான். அவளுக்கு வேண்டியது பூட்டு இல்லை, அவனைக் கையும் களவுமாய்ப் பிடிப்பது. பயமுறுத்தி விரட்டப் பார்க்கிறான். அல்லது அண்ணனுக்குச் செய்ததையே அண்ணிக்கும் செய்யப் பார்க்கிறான். வெட்டப்பட்ட அந்த ரெசிஸ்டரின் கால் அவள் கண்ணுக்குள்ளேயே நின்றது.

வெள்ளிக்கிழமை மதியம் கி-சொப் சாப்பிட வெளியே போனபோது அவள் அதைச் செய்தாள். கைப்பையிலிருந்து ஒயரை எடுத்து மாட்டினாள். முள் நானூற்று இருபதுக்கு ஏறும்வரை நின்றாள். ஒயரைப் பிடுங்கி மறுபடி பைக்குள் போட்டாள். கட்டிங் பிளையரால், தான் புதிதாகச் சேர்த்திருந்த வடியவைக்கும் ரெசிஸ்டரின் காலை வெட்டினாள். டிக் என்ற சின்னச் சத்தம். தொட்டால் ஒரு உதறல் வாங்குவான், அவ்வளவுதான் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். அவ்வளவுதான் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

வராண்டாவின் எதிர்ப்பக்கம் டிரான்ஸ்ஃபார்மருக்குக் கம்பி சுற்றும் போங் அக்காவின் கடை. அங்கே போய், கம்பிச் சுருள்களுக்கு நடுவில் உட்கார்ந்து, தன் அறைக் கதவைப் பார்த்தாள்.

"என்னடி, சொந்தக் கடையையே வேவு பாக்குற?" என்று கேட்டாள் போங் அக்கா, சுற்றும் கையை நிறுத்தாமல்.

"மழை விடட்டும்னு இருக்கேன் அக்கா."

"அது விட்டுரும் இன்னிக்கு! புருஷன் போனதுலேருந்து உன் மூஞ்சியைப் பாக்க முடியல. அந்தப் பையனும் உன் மாதிரியேதான். நேத்து இங்க வந்து நின்னு, அண்ணி போய்ட்டாங்களா, போய்ட்டாங்களான்னு ரெண்டு வாட்டி கேக்குறான்."

ஹே-ரான் கதவு நன்றாகத் தெரியும்படி நகர்ந்து உட்கார்ந்தாள். ஆக, சரிதான்.

கி-சொப் குடையோடு வந்தான். இருபுறமும் பார்த்தான். உள்ளே போனான்.

கத்தினால் அவனுக்குக் கேட்கும். கத்தவில்லை. மழை தகரத்தில் அடித்தது. கம்பி சுருளில் ஏறிக்கொண்டே இருந்தது. உள்ளிருந்து ஒரு சத்தமும் இல்லை. விழும் சத்தம் இல்லை, அலறல் இல்லை. பிறகு அவள் கால்கள் தாமாகவே ஓடின.

அவன் ஆம்ப்ளிஃபையரைத் தொடாமல் நின்றுகொண்டிருந்தான். கையில் ரெசிஸ்டர் வைத்த கிளிப். முகம் வெளுத்திருந்தது.

"கிட்ட வராதீங்க அண்ணி."

"என்ன பண்ற நீ?"

"காலி பண்றேன். தினமும் பண்றேன். நீங்க வெளிய போனதும் வந்து காலி பண்ணிட்டுப் போறேன். நிரம்பிடுது." அவன் குரல் உடைந்தது. "அண்ணன் மாதிரி உங்களையும் தூக்கிட்டுப் போற நிலைமை எனக்கு வேண்டாம்."

"அப்ப இடம் மாத்துறது?"

"நீங்கதானே? அண்ணன் ஞாபகத்துல அவர் மாதிரியே வைக்கிறீங்க, கேட்டா அழுவீங்கன்னு நான் கேக்கல."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு மெல்ல, மேசையைப் பார்த்தார்கள்.

ஐந்தும் மூலையில் இருந்தன. அவள் அறையைவிட்டுப் போகும்போது ஐந்தும் ஐந்து இடத்தில் இருந்தன. நடுவில் அவள் கண்பார்வையில் கதவு வழியே போனவன் ஒருவன்தான், அவன் உள்ளே இருந்த நேரத்தில் ஒரு காலைக்கூட உருக்கி எடுக்க முடியாது. ஈயம் பற்றவைத்த புகையின் பிசின் வாசம். ஆனால் பற்றவைக்கும் இரும்பு அதன் தாங்கியில் குளிர்ந்து கிடந்தது. கடைசிக் கெபாசிட்டரின் காலடியில் ஈயம் இன்னும் ஈரமாக, கண்ணாடி மாதிரி மின்னியது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் மேல் சாம்பல் படர்ந்து இறுகியது.

இப்போதுதான் முடித்திருக்கிறது. ஏதோ ஒன்று. இப்போதுதான் கையை எடுத்திருக்கிறது.

"தூக்கி எறிஞ்சிடறேன்," என்றான் கி-சொப். "மொத்தத்தையும்."

கிளிப்பை மாட்டினான். மீட்டரை வைத்தான். முள் அசையவில்லை. பூஜ்யம்.

தான் ஏற்றிவைத்ததைச் சொல்ல அவள் வாய் திறந்தாள். முள் பூஜ்யத்தில் இருந்தது. காலிதானே. இனி சொல்லி என்ன. வாயை மூடிக்கொண்டாள்.

"பாத்தீங்களா, காலி," என்று சொல்லி அவன் கையை உள்ளே விட்டான்.

முள் ஏறியது.

நிதானமாக. நூறு. இருநூறு. அவன் விரல்கள் மூடிக்கொண்டன. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. முந்நூறு. மர முக்காலியைத் தூக்கினாள். அவன் தோளில் அடித்தாள். மறுபடி அடித்தாள். கை பிடிவிட்டு வெளியே வந்தது. விழுந்தான். அவன் மார்பில் காதை வைத்தாள். மழைதான் கேட்டது. ஓடினாள்.

போங் அக்கா ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டபடியே அவள் பின்னால் வந்தாள். வாசலில் இருவரும் நின்றுவிட்டார்கள்.

தரையில் யாரும் இல்லை.

முக்காலி நிமிர்த்தப்பட்டிருந்தது. கி-சொப் அதில் உட்கார்ந்திருந்தான், முதுகைக் காட்டி, இரண்டு கைகளும் ஆம்ப்ளிஃபையருக்குள். வால்வுகள் நான்கும் ஆரஞ்சாக எரிந்தன. ஒயர் ஹே-ரானின் கைப்பையில் இருந்தது. பை அவள் தோளில் இருந்தது.

"கி-சொப்?" என்றாள் போங் அக்கா. போன் அவள் கையில் ஏதோ பேசிக்கொண்டிருந்தது.

அவன் திரும்பவில்லை. தோள்கள் பொறுமையாக அசைந்தன, வேலையில் மூழ்கியவனின் தோள்கள்.

"ஹே-ரான்," என்றான். அண்ணியைப் பெயர் சொல்லி அவன் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. இந்த மேசையிலிருந்து அவளை அப்படிக் கூப்பிட்டவன் தோக்-மன் ஒருவன்தான். "எங்க போன? வா, இந்தப் பக்கம் கொஞ்சம் பிடி."

ஒரு கையை வெளியே எடுத்து, திரும்பாமலே, உள்ளங்கை மேலாகப் பின்னால் நீட்டினான். நகங்கள் இருந்த இடம் கருகியிருந்தது. விரல் நுனிகளில் உருகிய ஈயம் சொட்டாமல் வெள்ளியாகத் தேங்கி நின்றது, ஈரமாக, மின்னிக்கொண்டு.

போங் அக்கா அவள் தோளைப் பிடித்தாள். ஹே-ரானின் ஒரு கால் அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தது.