நிறைந்தது

காலி செய்த அலமாரி காலியாக ஒலிக்கவில்லை.

சமையலறை மூலையில் இருந்த அந்த உயரமான மர அலமாரியைக் காலை ஒன்பது மணிக்குத் திறந்து, ஐந்து தட்டுகளிலும் இருந்ததை வாரி வெளியே போட்டு, ஈரத்துணியால் மூலை முடுக்கெல்லாம் துடைத்து, காய்ந்ததும் கதவைச் சாத்திவிட்டு, வழக்கம்போல விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினாள். அது அவள் தொழில் பழக்கம். அடுத்தவர் வீட்டு அலமாரிகளையும் பரண்களையும் ஒழித்து அடுக்கிக் கொடுப்பதுதான் பதினான்கு வருடமாக அவள் பிழைப்பு. வேலை முடிந்ததும் வெளியிலிருந்து தட்டிக் காட்டுவாள். ‘டொண்’ என்று உள்ளே வெறுமை ஒலிக்கும்போது, அத்தனை குப்பையைச் சேர்த்து வைத்திருந்த வீட்டுக்காரர்களின் முகங்களில் ஒரு அசட்டு நிம்மதி பரவும்.

இந்த அலமாரி ‘தொப்’ என்றது. மாவு மூட்டையைத் தட்டியது போல.

திறந்து பார்த்தாள். ஐந்து தட்டுகளும் வெறுமையாக இருந்தன. சாத்தித் தட்டினாள். தொப்.

மரம் ஊறிப்போயிருக்கும். அக்கா வாங்கிய மரம் வேறெப்படி இருக்கும்.

அக்காவுக்குப் பக்கவாதம் வந்து மூன்று வாரமாகிறது. இன்று மாலை நான்கு மணிக்கு ஆம்புலன்ஸில் கொண்டுவந்து விடுகிறார்கள். சக்கரம் வைத்த கட்டிலும் மூச்சுக்கான இயந்திரமும் வைக்க நடு அறை சுத்தமாகக் காலியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஊர்க்கோடியில் இருக்கும் காப்பகத்துக்குத்தான் அனுப்ப முடியும் என்று மருத்துவர் கறாராகச் சொல்லிவிட்டார். நடு அறை எப்படி இருந்தது என்று அவருக்குத் தெரியாது. கதவைத் திறக்கவே தோளைக் கொடுத்து நெம்ப வேண்டியிருந்தது.

அக்காவைக் காப்பகத்துக்கு விடுவதாக இல்லை. அது பாசம் என்று யாராவது சொன்னால் அவள் மறுக்க மாட்டாள். ஆனால் நாற்பது வருடமாக இந்த வீட்டுக்குள் ஒருக்களித்தே நடந்துபோன தன் அக்கா, படுத்த இடத்திலிருந்து நான்கு வெறும் சுவர்களைப் பார்க்கப்போகும் அந்த முதல் நிமிடத்தை நினைத்துத்தான் காலையில் அவளுக்குக் கை பரபரத்தது. எதிர்க்கவோ தடுக்கவோ எழுந்து வர முடியாத அக்கா. இப்படி ஒரு வாய்ப்பு இனி வராது.

முகமூடியை ஏற்றிக் கட்டிக்கொண்டு அடுத்த பெட்டியை இழுத்தாள். மூன்று குவியல்: வைக்க, கொடுக்க, வீச. எந்தப் பொருள் மீதும் அவள் பார்வை அரை நொடிக்கு மேல் நிற்காது. அந்த அரை நொடிதான் தன் மூலதனம் என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லுவாள். எந்தத் தட்டிலும் மூன்றில் ஒரு பங்கு காலியாக இருக்க வேண்டும் என்பது அவளுடைய இன்னொரு விதி. இங்கே ஒரு விரல் நுழைய இடம் கிடையாது. பெட்டிகளின் மேல் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதக்கூடத் துப்பில்லை. எல்லா மூடியிலும் அக்காவின் உருண்டையான கையெழுத்தில் ஒரே சொல்: நிறைந்தது. நிறைந்தது. நிறைந்தது.

பழைய சாமான்காரர் பத்து மணிக்கு லாரியோடு வந்தார். பெருத்த உடம்பு, ஓயாத வாய். முதல் பெட்டியிலிருந்து ஒரு பிளாஸ்க்கை எடுத்துக் குலுக்கி, மூடியைத் திருகி, உள்ளேயிருந்து பஞ்சை முழம் முழமாக இழுத்தார்.

“என்னம்மா இது, எல்லாத்துக்கும் வயிறு முட்ட ஊட்டி வச்சிருக்காங்க?”

“எங்க அக்காவுக்குப் பொழுது போகலைங்க.”

“இந்தக் கெண்டியோட மூக்குக்குள்ளகூடத் துணி. இந்தா, சென்ட் பாட்டில். அரை விரல்கூட இல்ல. அதுக்குள்ள மெழுகு.”

“அவளுக்கு வேற என்ன வேலை.”

“துணி தனி, இரும்பு தனி, கண்ணாடி தனி. அடைச்சதையெல்லாம் எடுத்துட்டுத்தான் நான் ஏத்துவேன். நீங்களும் ஒரு கை கொடுத்தா மதியத்துக்குள்ள முடியும்.”

இருவரும் உட்கார்ந்து பிடுங்கினார்கள். ஷூக்களுக்குள் காகிதம், பானைகளுக்குள் தலையணை, பொம்மையின் தலைக்குள் நூல்கண்டு, குழாய் துண்டுகளுக்குள் களிமண், குடையின் கைப்பிடிக்குள் தீக்குச்சிகள். அக்கா பொருள் சேர்க்கிறாள் என்றுதான் இத்தனை வருடமும் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவள் சேர்க்கவில்லை, அடைத்திருந்தாள். உள்ளே குடைவாக இருக்கும் எதையும் விட்டுவைக்கவில்லை. பொறுமையாக, ஒரு பொற்கொல்லரின் கவனத்தோடு. இவ்வளவு புத்தியும் இவ்வளவு மடத்தனமும் ஒரே தலையில் எப்படிக் குடியிருக்கின்றன என்று அவள் வியந்தாள்.

பரணிலிருந்து கடைசியாக இறங்கியது அவர்கள் சிறு வயதில் பார்த்த தகரப் பெட்டி. ஐந்து வயதில் ஒளிந்து விளையாடும்போது அவள் அதற்குள் மாட்டிக்கொண்டாள். ஒரு மணி நேரம் கழித்து அக்காதான் மூடியைத் திறந்து தூக்கினாள். தூக்கியதும், “உள்ள யார்கூடப் பேசிட்டிருந்தே?” என்று கேட்டாளாம். அவளுக்கு ஒன்றும் நினைவில்லை. அன்றிலிருந்து அக்கா காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, துணி நுனியைக் கடித்துக்கொண்டு தூங்கத் தொடங்கினாள் என்பது மட்டும் நினைவிருந்தது. பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லிச் சொல்லித் தோழிகளைச் சிரிக்க வைத்திருக்கிறாள்.

பெட்டிக்குள் கந்தல்கள் செங்கல் போல இறுகியிருந்தன. பழைய சாமான்காரர் கடப்பாரை போட்டு நெம்பினார். கடைசிக் கந்தல் வந்ததும் அவர் பேச்சு நின்றது. தகரத்தின் அடியில் கையை வைத்துப் பார்த்து, உடனே எடுத்தார்.

“வெயில்லயா வச்சிருந்தீங்க?”

“பரண்ல இருந்தது.”

அவர் கையை வேட்டியில் துடைத்தார். ஒரு முறை, மறுபடி ஒரு முறை. “பரணை நீங்களே துடைச்சுக்கங்க. எனக்கு வேற லோடு இருக்கு.” தண்ணீர்கூடக் கேட்கவில்லை. லாரி போன சத்தம் தெருவிலிருந்து தேய்ந்து மறைந்தபோது மணி ஒன்று.

வீடு அமைதியானது. நாற்பது வருடமாகத் துணியும் காகிதமும் உறிஞ்சிக்கொண்டிருந்த ஒலிகளெல்லாம் விடுபட்டு, குழாயில் சொட்டும் நீர், அடுத்த வீட்டுக் குக்கர், தன் செருப்பு என ஒவ்வொன்றும் சுவரில் மோதித் திரும்பி வந்தன. வெயில் ஜன்னலில் நீளமாக விழுந்து தூசியைக் காட்டியது. அவளுக்குப் பிடித்த நேரம் இது. பாதி ஆடை கழற்றிய வீடு. ஏணியில் ஏறி, பரண் மூலையில் மிச்சமிருந்த கந்தல்களையும் வாரிப் போட்டுவிட்டு, கர்வத்தோடு அதன் அடிப்பலகையைத் தட்டினாள்.

தொப்.

கீழே இறங்கினாள். சமையலறை அலமாரியைத் தட்டினாள். டொண். காலையில் மூட்டை போல ஒலித்தது இப்போது குடம் போல ஒலித்தது.

பரணுக்குத் திரும்பித் தட்டினாள். தொப். பலகை வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தாள். தூசியும், தூசியில் பெட்டிகள் இருந்த சதுரத் தடங்களும். ஒரு வாசனை. ஈரத் தலையை நெடுநேரம் முடிந்து வைத்து அவிழ்த்தால் வருமே, அது.

அவள் பயப்படும் ரகமில்லை. பயம் என்பது சாமான் சேர்ப்பவர்களின் வியாதி. தன் வாடிக்கையாளர்களிடம் பேசுவது போலத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்: சோதித்துப் பார். படுக்கையறைச் சுவர் அலமாரியைத் திறந்து, அதிலிருந்த போர்வைகளை அள்ளி வாசலில் போட்டாள். சாத்தினாள். தட்டினாள். தொப். ஓடிப்போய்ப் பரணைத் தட்டினாள். டொண். மாடிப்படிக்கு அடியில் இருந்த சிறு அறையைக் காலி செய்தாள். அது தொப். சுவர் அலமாரி டொண்.

கடைசியாகத் திறந்தது எதுவோ, அதில். எப்போதும் அதில் மட்டும்.

போன் அடித்தது. ஆஸ்பத்திரி நர்ஸ்.

“கெளம்பப் போறோம்மா. உங்க அக்கா ஒரே அழுகை. காதுல வச்சிருந்த பஞ்சை எடுத்ததிலருந்து இப்படித்தான். ஏதோ சொல்லணுமாம். பேசறீங்களா?”

மூச்சு இரைப்பு கேட்டது. பிறகு பாதி வாயால் உருட்டி உருட்டி அக்காவின் குரல்.

“எடுத்துட்டியா?”

“எல்லாத்தையும் எடுத்தாச்சு. வந்து பாரு.”

மறுபடி இரைப்பு.

“ஏதாவது... வச்சு... அடை. உன்ன... அது... உன்னத்தான்...”

நர்ஸ் போனை வாங்கிக்கொண்டாள். “டென்ஷன் ஆகறாங்கம்மா. வந்ததும் பேசிக்கங்க.”

வந்ததும் பேசிக்கொள்ளலாம். நடு அறையில் இன்னும் பாதி மிச்சமிருந்தது. அதை முடிக்காமல் விட்டால் காப்பகம். முடித்தால்? முடித்தால் ஒன்றும் ஆகாது, ஊறிப்போன மரத்துக்கும் வெயிலில் காய்ந்த தகரத்துக்கும் பயந்து வேலையை நிறுத்த அவள் அக்கா இல்லை. நகராட்சிக் குப்பை வண்டி தெருவுக்குள் திரும்பும் ஒலி கேட்டது. ஆளைக் கூப்பிட்டாள். மூட்டை மூட்டையாக இருவரும் ஏற்றினார்கள், வாசலில் போட்ட போர்வைகள் உட்பட. கடைசி மூட்டை போனதும் அறையைப் பெருக்கி, துடைத்து, ஜன்னல் கம்பிகளைக்கூடத் துடைத்து, வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

மணி மூன்று ஐம்பது.

தட்ட வேண்டாம் என்று நினைத்தாள். கை தானாகப் போனது.

தொப்.

கதவு முழுவதும் வெதுவெதுப்பாக இருந்தது. காதை வைத்தாள். ஒன்றுமில்லை. எதிரொலிகூட இல்லை. தெருவின் சத்தமெல்லாம் வீட்டுக்குள் வந்து சுவர்களில் மோதியது, இந்தக் கதவை மட்டும் தொட்டதும் அமுங்கியது. அறை அளவுக்குப் பெரியதாக ஏதோ ஒன்று, மூலைக்கு மூலை இடைவெளி இல்லாமல், மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது.

இந்த அறைக்குள்தான் அக்காவைப் படுக்க வைப்பார்கள்.

வேறு எதையாவது திறக்க வேண்டும். இப்போதே. புதிதாக. வெளியே எங்காவது கொண்டுபோய்த் திறக்கக்கூடிய ஒன்றை. திரும்பிப் பார்த்தாள். அலமாரிகள் காலி. பரண் காலி. பிளாஸ்க், பானை, தகரப் பெட்டி எல்லாம் லாரியில். அவள் கைப்பைகூடக் காலையிலிருந்து நாற்காலியில் வாய் பிளந்து கிடந்தது. நாற்பது வருடமாக ஒருத்தி இரவும் பகலும் அடைத்ததை ஒரே நாளில் திறந்தாகிவிட்டது. திறப்பதற்கு வீட்டில் எதுவும் மிச்சமில்லை.

அடைப்பதற்கும்.

வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது.

இரண்டு பேர் கட்டிலைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வெள்ளைத் துணிக்குள் அக்கா பாதியாகச் சுருங்கியிருந்தாள். தங்கை நடு அறைக் கதவுக்கு முன்னால் கைகளை விரித்து நின்றாள்.

“இங்க வேணாம். ஹால்லயே போடுங்க.”

“ஹால்ல பிளக் பாயின்ட் இல்லையேம்மா. மெஷின் போட்டாகணும். டாக்டர் நடு ரூம்னுதான் எழுதியிருக்காரு. நகருங்க.”

“ஒரு நிமிஷம் இருங்க. அந்த ரூம்ல...”

என்ன இருக்கிறது என்று சொல்வது? முன்னால் வந்தவன் அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டிக் கதவைத் தள்ளினான். அறை வெயிலில் பளிச்சென்று இருந்தது. வெறும் சுவர். வெறும் தரை.

“நல்லா விசாலமாத்தான் வச்சிருக்காங்க,” என்றான் பின்னால் வந்தவன்.

முன் சக்கரங்கள் அறை வாசற்படியைத் தாண்டின. ஹாலில் கடகடவென்று வந்த சத்தம் சட்டென்று செத்தது. பஞ்சின் மேல் உருள்வது போல. கட்டில் உள்ளே போகப் போக அக்காவின் நல்ல கண் பெரிதாகிக்கொண்டே போனது. நல்ல கை விரிப்பின் நுனியைத் தேடிப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோக முயன்று, நடுவழியில் விழுந்தது. மறுபடி முயன்றது. விழுந்தது.

வாசற்படியில் நின்றவள் தன் முகமூடியைக் கிழித்தாள். “அக்கா!” என்று கத்த வாயைத் திறந்தாள். வாழ்நாளில் இதுவரை திறக்காத அளவுக்கு.

குரல் வரவில்லை.

அறைக்குள் சக்கரங்கள் கடகடவென்று முழங்கின. நான்கு சுவரிலும் மோதி எதிரொலித்தது. டொண் என்று. அருமையான, சுத்தமான, காலி அறை.

அவர்கள் இயந்திரத்தை மாட்டினார்கள். காகிதத்தை நீட்டினார்கள். கையெழுத்துப் போட்டாள். “வாய் சுளுக்கிடுச்சாம்மா? சுடுதண்ணி ஒத்தடம் கொடுங்க,” என்று ஒருவன் சொல்லிவிட்டுப் போனான். வாசல் கதவு சாத்தும் ஒலி வீடு முழுக்க ஓடித் தேய்ந்தது.

வாய் மூடவில்லை.

இரு கைகளாலும் தாடையை அழுத்தினாள். மூடவில்லை. மூக்கில் ஈரத் தலைமுடியின் வாசனை. விரலை மடக்கினாள். வேண்டாம். நெஞ்செலும்பின் மேல் தட்டினாள்.

தொப்.

அக்கா அவளைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த பார்வை. பதினான்கு வருடமாக ஆயிரம் வீடுகளில் பொருட்களை அவளே பார்த்த பார்வை. வைக்க. கொடுக்க. வீச. அரை நொடி கடந்தது. ஒரு நொடி. அக்காவின் கன்னத்தில் கண்ணீர் ஒரு பக்கமாக மட்டும் வழிந்தது.

பிறகு அந்த நல்ல கை தலையணை உறையைக் கிழித்தது. ஒரு பிடி பஞ்சை எடுத்தது.

கிட்டே வா என்று அசைந்தது.

அவள் கட்டிலருகில் மண்டியிட்டு முகத்தை நீட்டினாள். முதல் பிடி நாக்கைத் தொட்டது. இரண்டாவது பிடி. மூன்றாவது. அக்கா நிதானமாக, விரலால் அழுத்தி அழுத்தி, மூலை முடுக்கு விடாமல் அடைத்தாள்.

உள்ளேயிருந்து, விலா எலும்பின் மேல், ஒரு விரல் முட்டி தட்டிப் பார்த்தது.